கசியானோ பெயின்ட் அடித்த குருவி

கசியானோ சிம்பான்யாவுக்கு முப்பத்தெட்டு வயது வரைக்கும் கரி சுடுவதுதான் தொழில். எங்கள் ஊரில் அப்போது பாதிப் பேருக்கு அதுதான் தொழில். ஊரின் பெயரே லோமா கெமாதா, அதாவது கருகிய மேடு. மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும் முகட்டுக் காட்டில் மரத்தை வெட்டி, அடுக்கி, மண்ணும் புல்லும் போட்டு மூடி, தீ வைத்து, பத்து நாள் பக்கத்திலேயே காவல் கிடந்து, மூட்டை கட்டிக் கழுதைமேல் ஏற்றிக் கீழே கொண்டுவர வேண்டும். தலைநகரத்தில் கறி வாட்டி விற்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நான் அன்றைக்கும் இன்றைக்கும் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர். மரம் வெட்டக் கூடாது என்ற அறிவிப்பைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவன் நான். அதே வாரம் கசியானோவிடம் இரண்டு மூட்டை கரி வாங்கியவனும் நான்தான்.

மரம் வெட்டுகிறவர்களிலேயே காட்டிலாகா போலீஸிடம் அதிகம் மாட்டிக்கொண்டவன் கசியானோ. எட்டு வருஷத்தில் ஆறு முறை. மற்றவர்கள் நின்ற இடத்திலேயே புதரோடு புதராக மறைந்துவிடுவார்கள். இவனை மட்டும் எதிர்ச் சரிவிலிருந்தே பார்த்துவிடுவார்கள். காரணம் அவன் தலையிலிருந்த கம்பளித் தொப்பி. பழுத்த மிளகாய்ச் சிவப்பு. சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு திருட்டு மரம் வெட்டப் போகிறான் என்றால் எப்பேர்ப்பட்ட துணிச்சல்காரனாக இருக்க வேண்டும் என்று ஊரில் அவனுக்கு ஒரு வீரப் பெயரே இருந்தது. அவனோ தன்னை யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்று நம்பினான். அந்தச் சந்தேகத்தில் சொந்த அக்காள் புருஷனோடு இரண்டு வருஷம் பேசவில்லை.

விஷயம் வெளியே வந்தது அவன் கல்யாணம் கட்டிய பிறகு. அதுவும் வீட்டுக்குள் மட்டும். மனைவி தொமித்திலா வந்த முதல் வாரத்தில், பழுத்த மரத்தக்காளியாகப் பார்த்துப் பறித்துவரச் சொல்லியிருக்கிறாள். கூடை நிறையக் கொண்டுவந்து வைத்தான். பாதி காய். அவள் ஒரு காயையும் ஒரு பழத்தையும் கையில் எடுத்து, எது பழம் என்று கேட்டாள். அவன் அழுத்திப் பார்த்துச் சொல்லக் கை நீட்டினான். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணால் பார்த்துச் சொல் என்றாள். அவனால் முடியவில்லை. சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுதான். இரண்டும் ஒருவகை மண் நிறம். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்றும், சும்மா வழக்கத்துக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் முப்பது வயது வரை நினைத்திருக்கிறான்.

பிறகு தொமித்திலா ஆணியில் தொங்கிய தொப்பியைக் காட்டி, அதன் நிறத்தைச் சொன்னாள். போலீஸ் கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே சந்தையில் குவியலைக் கிளறி, மண்ணோடு மண்ணாகப் போகிற தொப்பி என்று பொறுக்கி எடுத்தது அது. அரை நாள் வாசலில் உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்து நேராக அக்காள் வீட்டுக்குப் போய், மாடு கறந்துகொண்டிருந்த மாமனைக் கட்டிப்பிடித்தான். எதற்கென்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது.

தொப்பியை மட்டும் அவன் விடவில்லை. போகிற வழியில் பையில் இருக்கும், சூளைக்குப் போனதும் தலைக்கு ஏறிவிடும். காரணம், அந்தத் தொப்பியைப் பூ என்று நினைத்து ரீங்காரச்சிட்டுகள் வரும். காது ஓரத்தில் தையல் மெஷின் மாதிரிச் சத்தம் கேட்கும், அப்படியே காற்றில் நின்று தொப்பியை ஒரு குத்து குத்திப் பார்க்கும், ஏமாந்து போகும். பத்து நாள் புகையோடு தனியாகக் கிடக்கிறவனுக்கு வேறு யார் வருவார்கள் என்பான்.

அப்படி வந்தவற்றில் ஒன்று கருப்பு. கட்டைவிரல் அளவுதான். இரண்டு கால்களிலும் வெள்ளை வெளேரென்று பஞ்சு உருண்டை. குதிரைக்காரர்கள் மழைக்குப் போடுகிற ஆட்டுத்தோல் கால்சராயைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டது மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் அதற்குக் கால்சராய்க்காரன் என்றே பெயர். மற்றச் சிட்டுகள் தொப்பியைக் குத்திவிட்டுப் போகும். கால்சராய்க்காரன் அவன் மூக்குக்கு நேரே நின்று திட்டிவிட்டுப் போவான்.

அந்தப் பறவை உலகத்திலேயே எங்கள் மலைகளின் சில முகடுகளில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் நாங்கள் அந்த முகடுகளைக் கரியாக்கி விற்றுக்கொண்டிருந்தபடியால் அழியப் போகிறது என்பதெல்லாம் எங்களுக்கு ஹிமேனா வந்த பிறகுதான் தெரியும். தலைநகரத்துப் பறவை அமைப்பு ஒன்று மேல்காட்டை விலைக்கு வாங்கி, காவலுக்கு ஆள் எடுக்க அவரை அனுப்பியிருந்தது. ஒல்லியான, முப்பது வயதுப் பெண். ஊரே டாக்டரம்மா என்று கூப்பிட்டது. அந்தப் பறவையைப் பார்த்தவர்கள் யார் என்று ஊராட்சிக் கூடத்தில் கேட்டார். சம்பளம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஊராட்சித் தலைவர் ஒல்மெதோ லிங்காங்கோ, தன் வீட்டு முற்றத்திலேயே இரண்டு ஜோடி குடியிருப்பதாகச் சொன்னார். ஒருவர் தீப்பெட்டியில் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார். திறந்தால் விட்டில் பூச்சி.

கடைசியில் கசியானோ எழுந்தான்.

“எனக்குத் தெரியும் டாக்டரம்மா. ஆனா எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தை இல்ல.”

“ஏன் அப்படி?”

“நான் சூளை போடுற எடம் தன்னோடதுன்னு அது நெனைக்குது. என்னோடதுன்னு நான் நெனைக்கிறேன்.”

“உண்மையில யாரோடது?”

“அதோடதுதான். நான் போறதுக்கு முன்னாடியே அங்க இருந்துச்சு.”

ஹிமேனா அவன் பெயரை எழுதிக்கொண்டார். ஒரு கண் பரிசோதனை மட்டும் இருந்தது. சுவரில் எழுத்து அட்டையை மாட்டி இருபதடி தள்ளி நிற்கவைத்தார்கள். எல்லா வரிசையையும் படித்துவிட்டு, அட்டையின் அடியோரத்தில் எறும்பு அளவில் இருந்த அச்சகத்தின் விலாசத்தையும் சேர்த்துப் படித்தான். நிறத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஹிமேனா ஒரு தாள் கொடுத்தார். எங்கள் காட்டில் உள்ள இருபத்தொரு வகை ரீங்காரச்சிட்டுகள், ஒவ்வொன்றின் தலை, கழுத்து, மார்பு, வால் என்னென்ன நிறம் என்று வரிசையாக. கசியானோ அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, நாளைக்கே வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னான். தொமித்திலா விடவில்லை. கரிப்புகை இல்லாத சட்டையை அவள் துவைக்க ஆரம்பித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து பாடம். அவரைக்காய் உரிக்கும்போது, மாடு கறக்கும்போது, சோளம் வறுக்கும்போது. அவள் உறுப்பைச் சொல்வாள், அவன் நிறத்தைச் சொல்வான். கால்சராய்க்காரன் ஆண், முதுகு? கருப்போடிய பச்சை. கழுத்து? ஊதா. மார்பு? கருப்பு. வாலடி? ஊதா. பொம்பளை, முதுகு? வெண்கலப் பச்சை. தப்பினால் அகப்பைக் காம்பால் முழங்காலில் ஒன்று விழும். மூன்று மாதத்தில் இருபத்தொரு பறவையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் சொல்லச் சொல்ல நாங்கள் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தபோது, கசியானோ மட்டும் தூக்கக் கலக்கத்தில் “நெற்றி மட்டும் நீலம்” என்றதை நானே கேட்டேன். ஏதோ புதுச் செபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பறவை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. புத்தகத்தைப் புரட்டாமல் மடமடவென்று நிறங்களை ஒப்பிப்பான். ஆனால் காட்டில் அவன் பறவையைக் கண்டுபிடித்த வழியே வேறு. பனிக்குள் ஒரு பறவை தூரத்தில் அசைந்தால் மற்றவர்கள் நிறம் தெரியட்டும் என்று காத்திருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் எல்லாமே கருப்பாகத்தான் தெரியும், நிறம் தெரிவதற்குள் பறவை போய்விடும். இவன் நிறத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஒவ்வொன்றும் எப்படி உட்காருகிறது, எப்படிப் பூவுக்குப் போகிறது, யாரோடு சண்டை போடுகிறது என்றுதான் பார்ப்பான். ஊரில் ஆள் நடக்கிற நடையைப் பார்த்து இன்னார் வருகிறார் என்று சொல்லுவோமே, அது மாதிரி. ஒரு சிட்டு எங்கள் தலைவர் ஒல்மெதோ மாதிரி, எந்த வேலையும் செய்யாது, ஆனால் எல்லாப் பூவுக்கும் முன்னால் போய் நிற்கும். இன்னொன்று பாதிரியாரின் சமையல்காரி மாதிரி, சாப்பிட்டுக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்க்கும். ஒரு கனடாக்காரக் கிழவர் கிளையில் இருந்த இரண்டில் எது என்று தெரியாமல், பச்சையா பழுப்பா என்று கேட்டாராம். கோபமா இருக்கறது என்று கசியானோ சொன்னான். கிழவர் அதைத்தான் படம் பிடித்தார். சரியாக இருந்தது.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. முகட்டில் மொத்தம் பதினொரு கால்சராய்க்காரர்கள் என்று கசியானோவும் ஹிமேனாவும் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். ஹிமேனா அதை அறிக்கையாக எழுதி வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பினார்.

அப்போதுதான் பக்கத்து ஊராட்சிக்காரர்கள் தங்கள் ஊர் எல்லையில் கான்கிரீட்டில் ஒரு ராட்சத மீன் கட்டினார்கள். அவர்களுக்கு மீன் குட்டை இருக்கிறது. ஒல்மெதோவுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உலகத்தில் எங்கும் இல்லாத பறவை நம்மிடம் இருக்கிறது, அதற்குச் சிலை இல்லை, குட்டையில் வளர்க்கிற மீனுக்குச் சிலையா என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். மாகாண நிர்வாகத்துக்கு நான்கு கடிதம் எழுதவைத்தார். பணம் வந்தது. பஸ் நிற்கிற திடலில், மூன்று மீட்டர் உயரத்தில் கால்சராய்க்காரன் எழும்பினான்.

கட்டிய கொத்தனார் அதற்கு முன் செய்த ஒரே சிலை கல்லறைத் தோட்டத்துத் தேவதூதன். அதனால் சிறகு இரண்டும் தேவதூதன் சிறகு. கால்கள் சிறியதாக இருந்தால் சிலை நிற்காது என்று யானைக்கால் வைத்தார். அதற்குக் கால்சராய் பொருத்தமாகத்தான் இருந்தது. மூக்கு மட்டும் நல்ல இரும்புக் குழாய். எங்கள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய் என்று சொன்னவர்கள் உண்டு.

பெயின்ட் அடிக்க நகரத்திலிருந்து ஒரு ஓவியர் வந்தார். வெள்ளை பூசி, கால்சராயை முடித்தார். வியாழக்கிழமை ஒன்றுவிட்ட தம்பி கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் வருகிறேன் என்றவர் வரவில்லை. ஞாயிறு பதினொரு மணிக்குத் திறப்பு விழா. மாகாணத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார், பாண்டு வாத்தியத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, பன்றிக்கறி மசாலாவில் ஊறிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஒல்மெதோ கசியானோவைக் கூப்பிட்டுவிட்டார்.

கசியானோ முதுகு வலி என்றான். ஏணி என்றால் தலை சுற்றும் என்றான். கடைசியாக, பெயின்ட் வாடை தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றான்.

“முப்பது வருஷம் கரிப்பொக குடிச்சவனுக்குப் பெயின்ட் வாடை ஒத்துக்காதா?” என்றார் ஒல்மெதோ. “ஊர்லயே அந்தக் குருவிய உன்னவிட நல்லாத் தெரிஞ்சவன் யாருடா?”

தொமித்திலா இருந்திருந்தால் ஏதாவது செய்து காப்பாற்றியிருப்பாள். அவள் தங்கைக்குப் பிரசவம் என்று வியாழக்கிழமையே கிளம்பிப் போயிருந்தாள்.

இங்கே என் பங்கும் ஒன்று உண்டு. சாமான் அறைச் சாவி என்னிடம்தான். ஓவியர் வாங்கிவைத்த டப்பாக்களோடு, கால்பந்துக் கம்பத்துக்கு அடித்த மிச்ச டப்பாக்களும் கிடந்தன. எல்லாம் மூடி வழிந்து, எழுத்து மறைந்து, அழுக்காக இருந்தன. நான் ஏழெட்டை எடுத்துத் திறந்து வைத்தேன். கசியானோ வெகுநேரம் அவற்றைப் பார்த்தான்.

“எழுத்தரண்ணே, இதுல எது பச்சைன்னு மேல எழுதலையே.”

“கண்ணு இருக்குல்ல உனக்கு?” என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். டிவியில் கால்பந்து ஆரம்பிக்கிற நேரம், நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மாலை வரை அவன் ஒருவனாகவே அடித்திருக்கிறான். சின்ன தூரிகையால், இறகு இறகாக. பனி இறங்கிய பிறகுதான் யாரும் அந்தப் பக்கம் போனார்கள், அதற்குள் தார்ப்பாயைப் போட்டு மூடிக் கட்டிவிட்டான். கை காலெல்லாம் பெயின்ட். என்னிடம் சாவியைக் கொடுக்கும்போது, நல்லா வந்திருக்குண்ணே என்றான். அப்படி அவன் தன் வேலையைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிறு வெயில் பளிச்சென்று அடித்தது. அது எங்கள் ஊரில் அபூர்வம், அன்றைக்கு வேண்டியதில்லை. பெரிய மனிதர் பேசினார், ஒல்மெதோ அதைவிட நீளமாகப் பேசினார். பாதிரியார் தண்ணீர் தெளித்தார். ஹிமேனா முன்வரிசையில் இருந்தார். பக்கத்து ஊராட்சித் தலைவரையும் வேண்டுமென்றே அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். பாண்டு முழங்க, பெரிய மனிதர் கயிற்றை இழுத்தார். தார்ப்பாய் விழுந்தது.

தலையிலிருந்து வால்வரை ரத்தச் சிவப்பு. மார்பில் மட்டும் சரியான கருப்பு. கழுத்தில் சரியான ஊதா. அடியில் கறையே இல்லாத வெள்ளைக் கால்சராய். குளித்துவிட்டு உள்ளாடையோடு வெளியே ஓடிவந்த சேவல் மாதிரி அது நின்றது. இறகுகளோ அத்தனை அழகு. ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஓரம் பிசகாமல், சிவப்புக்குள் சிவப்பாக.

பாண்டு ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. பெரிய குழல் ஊதுகிறவர் மட்டும் சிலை கண்ணில் படாத இடத்தில் இருந்ததால் இன்னும் கொஞ்ச நேரம் தனியாக ஊதிக்கொண்டிருந்தார். பெரிய மனிதர், மிகவும் உற்சாகமான வண்ணம் என்றார். பக்கத்து ஊராட்சித் தலைவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

கசியானோ சிலைக்கு அருகில், கழுவித் தேய்த்த சட்டையோடு, கைதட்டலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். கைதட்டல் வரவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தான். சிலையைப் பார்த்தான். மறுபடி எங்கள் முகங்களைப் பார்த்தான். எல்லோரும் ஏதோ ஒன்றைப் பார்க்கிறார்கள், தனக்கு மட்டும் அது தெரியவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சிரிக்க வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன்.

பதினொன்றரை மணி பஸ் வந்து நின்றது. தொமித்திலா மூட்டையோடு இறங்கினாள். கூட்டத்தையும் சிலையையும் ஒருமுறை பார்த்தாள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நேராக அவனிடம் போனாள். சண்டை பிடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம்.

“யோவ்,” என்றாள் மெதுவாக. “செவப்புய்யா.”

“முழுசுமா?”

“கால்சட்டைய விட்டு.”

முன்வரிசையில் இருந்த ஹிமேனாவுக்கு அது கேட்டுவிட்டது. அவர் எழுந்து போய்த் தேவாலயப் படியில் உட்கார்ந்தார். பன்றிக் கறி பரிமாற ஆரம்பித்ததால் கூட்டம் சிலையை மறந்தது. கசியானோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான். தொமித்திலா பின்னாலேயே போனாள். எழுத்தர் என்ற உரிமையில் நானும் போனேன். அவன் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னான். ஒப்பிக்கிற பாடத்தைப் பற்றித் தொமித்திலா சொன்னாள்.

ஹிமேனாவுக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம். மூன்று வருஷக் கணக்கு. பதினொரு பறவை என்று உலகத்துக்கே எழுதியாகிவிட்டது. அதில் பாதி அவன் கண்ணை நம்பி எழுதியது. சிவப்பும் பச்சையும் தெரியாதவன் சொன்ன கணக்கு என்று தெரிந்தால் அவர் வேலை மட்டுமல்ல, முகட்டுக் காட்டுக்கு வருகிற உதவியும் போய்விடும்.

“மூணு வருஷமா எதைப் பாத்து அண்ணே சொன்னீங்க?” என்றார்.

“அதைத்தான் பாத்துச் சொன்னேன், டாக்டரம்மா. கலரப் பாத்துச் சொன்னேன்னு எப்பவாச்சும் சொல்லியிருக்கேனா? நீங்க கேட்டா கலர் சொல்லுவேன். அது வீட்டுல படிச்சது.”

ஹிமேனா யோசித்து ஒரு வழி வைத்தார். மறுநாளே இருவரும் மேலே போனார்கள். ஆறு நாள். அவன் பறவையைப் பார்த்ததும் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, அதே பறவையைக் கேமராவில் பிடிப்பார். மாலையில் கூடாரத்துக்குள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒப்பிடுவார். கசியானோ வெளியே அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டு, தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பானாம். முதல் நாள் ஒன்பதுக்கு ஒன்பது சரி. இரண்டாம் நாள் ஏழுக்கு ஏழு. ஹிமேனாவுக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் ஒரு பறவையில் தகராறு. பச்சை முதுகு, காலில் வெள்ளைப் பஞ்சு. அதே மாதிரிக் கால்சராய் போடுகிற இன்னொரு வகை எங்கள் காட்டில் உண்டு, நீளவால்காரன். அது ஏராளம். ஹிமேனா அதை நீளவால் என்று எழுதப் போனார்.

“இது நம்மாளோட பொண்டாட்டி,” என்றான் கசியானோ.

“இவ்ளோ பச்சையா இருக்கேண்ணே.”

“பச்சையா இருக்கட்டும். வாலப் பாருங்க. குட்டை. நீளவால்காரி ஒக்காந்தா வால் தனியா தொங்கும். இவ பூவுக்குப் போறப்ப ஒரு தடவ சுத்திட்டுத்தான் போவா. நம்மாளும் அப்படித்தான்.”

அன்று மாலை கூடாரத்துக்குள் விளக்கு வெகுநேரம் எரிந்தது. அப்புறம் ஹிமேனா கேமராவோடு வெளியே வந்தார். வால் குட்டைதான். கழுத்தில் நீலப் பொட்டும் இருந்தது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னேனே, என்றான். முதல் வருஷமே சொல்லியிருக்கிறான். இரண்டு வகைப் பெண்ணும் பச்சை என்றாலும், ஏராளமாக இருக்கிற நீளவாலாகத்தான் இருக்கும் என்று ஹிமேனாதான் நோட்டில் அடித்துத் திருத்தியிருக்கிறார். நிறம் விஷயத்தில் எதிர்த்துப் பேச அவனுக்கு என்ன தைரியம் இருக்கும்? திருத்தியதைத் தொமித்திலாவிடம் கொடுத்துப் பாடத்தில் சேர்த்துக்கொண்டான்.

ஆறாம் நாள் இறங்கி வரும்போது கணக்கு பதினொன்றிலிருந்து பதினேழு ஆகியிருந்தது. பழைய படங்களையும் தோண்டி எடுத்துப் பார்த்த பிறகு ஹிமேனாவே அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

“ஆறு பொம்பளைங்கள மூணு வருஷமா பக்கத்து வீட்டுக் குடும்ப அட்டையில எழுதி வச்சிருந்தீங்க,” என்றான் கசியானோ. ஹிமேனா அதற்குச் சிரித்தார், பிறகு கொஞ்சம் அழுதார், பிறகு உருளைக்கிழங்கு கேட்டார் என்று கேள்வி. புதிய அறிக்கையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் கசியானோ சிம்பான்யா என்று இவன் பெயரும் அச்சாகி வந்தது. அவனுடைய கண்ணைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தார். அவனைக் கேட்டுவிட்டுத்தான். இப்போது வேலைக்குச் சேருகிற காவலர்களுக்கு நிறத் தாளோடு இன்னொரு தாளும் கொடுக்கிறார்கள். எது எப்படி உட்காரும், எது எப்போது சண்டை பிடிக்கும் என்று. கசியானோ சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது நான். ஒல்மெதோவின் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.

ஒல்மெதோதான் இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் கசியானோமேல் வழக்குப் போட முடியுமா என்று என்னைக் கேட்டார். எந்தப் பிரிவில் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். சிலைக்குக் கடைசியில் தொமித்திலாதான் பெயின்ட் அடித்தாள். அவள் ஏணியில், அவன் ஏணிக்குக் கீழே பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு டப்பாவையும் திறக்கும்போது அவனிடம் காட்டி, இது என்ன நிறம் என்று கேட்பாள். அவன் வாய்க்கு வந்ததைச் சொல்வான். திடலில் நின்ற சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரித்தான். பத்து வருஷமாக மூடிவைத்த சமாசாரத்தை ஊரே பார்க்கச் சிரித்துத் தீர்த்தார்கள் இருவரும். அவளுக்கு இறகு இறகாக அடிக்கப் பொறுமை இல்லை. பெரிய பட்டைத் தூரிகையால் இழுத்துவிட்டாள். நிறம் சரியாக இருக்கிறது, பறவைதான் சிமென்ட் மூட்டை மாதிரி ஆகிவிட்டது.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கசியானோவுக்கு ஐம்பத்து மூன்று. முட்டி தேய்ந்துவிட்டது, ஆனாலும் வாரத்துக்கு நான்கு நாள் ஏறுகிறான். போன வருஷக் கணக்கு இருபத்து மூன்று.

ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இத்தனை கடிதம், இத்தனை அறிக்கை, இத்தனை தீர்மானம் அந்தப் பறவையின் பெயரைப் போட்டுத் தட்டச்சு செய்த நான் அதைப் பார்த்ததே கிடையாது. மேலே ஏற மூன்று மணி நேரம். எனக்குத் தொப்பை. போன மாதம் கசியானோ வீட்டு வாசலில் வந்து நின்று, கிளம்பினால்தான் போவேன் என்றான். தொமித்திலா வேகவைத்த அவரையும் பாலாடைக் கட்டியும் கட்டிக் கொடுத்தாள். வழியில் ஒன்பது இடத்தில் உட்கார்ந்தேன். என்னை விட்டுவிட்டுப் போய்விடு என்று இரண்டு இடத்தில் சொன்னேன்.

முகட்டில் காற்றடித்தது. மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. பாசி பிடித்த குட்டை மரங்களுக்கு நடுவில் ஒரு கட்டையைக் காட்டி உட்காரச் சொன்னான். முக்கால் மணி நேரம் எதுவும் இல்லை. நான் அவரைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

“அண்ணே, அசையாதீங்க,” என்றான்.

காதுக்குப் பக்கத்தில் உர்ரென்று ஒரு சத்தம். மூக்குக்கு ஒரு முழம் தள்ளி, கருப்பாக, காற்றில் நின்றது. காலில் இரண்டு பஞ்சு. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. அதற்குப் பிடிக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. ஒருமுறை வட்டமடித்து, பக்கத்துப் பூவிலிருந்த தன்னைவிடப் பெரிய சிட்டு ஒன்றை விரட்டிக்கொண்டு மேகத்துக்குள் போய்விட்டது. இரண்டு விநாடி, மூன்று விநாடி இருக்கும். என் வாயில் போட்ட அவரை அப்படியே இருந்தது.

“அதுதானா?”

“அதுதான்.”

“கழுத்து ஊதாவான்னு பாக்கறதுக்குள்ள போயிடுச்சே.”

“போகட்டும்ணே,” என்றான் கசியானோ. பொட்டலத்திலிருந்து ஒரு துண்டு பாலாடைக் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். “இன்னைக்கி அது நல்ல மனசுல இருக்கு. மெல்லமாத்தான் திட்டுச்சு.”

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில் நான் வழுக்கி விழுந்து, கொஞ்ச தூரம் உட்கார்ந்தபடியே இறங்கினேன். அவன் முன்னால் போய் நின்று பிடித்துக்கொண்டான்.